ஏற்காட்டு மலையில் ஏறும் முள்

பழைய ஸ்போர்ட்ஸ் வாட்ச் சேர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எந்த மாடலில் தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டும்: "இனிமே புதுசா ஒரு டிசைன் வரவே வராதா?" இந்தக் கேள்வி நெடுநாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. கேட்பவரின் ஆசைப் பட்டியலைப் பாருங்கள். 1972-இல் ஓடெமார் பீகே வெளியிட்ட ராயல் ஓக், 1976-இல் பட்டேக் ஃபிலிப் வெளியிட்ட நாட்டிலஸ், 1977-இல் வஷெரோன் கான்ஸ்டன்டின் வெளியிட்ட 222. முதல் இரண்டையும் வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா, மூன்றாவதை வரைந்தவர் யோர்க் ஹைசெக். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய இந்த மூன்றைச் சுற்றியே சந்தை இன்னும் வலம் வருகிறது. ஒமேகா 2019-இல் தன் பழைய 321 மெஷினை மறுபடி செய்து ஸ்பீட்மாஸ்டரில் வைத்தது. 2022-இல் 222 திரும்பி வந்தது. 2023-இல் ஐ.டபிள்யூ.சி., ஜென்டா 1976-இல் வரைந்த இன்ஜினியரைத் தூசி தட்டி எடுத்தது. 2024-இல் பட்டேக் கியூபிடஸ் என்று ஒரு சதுரத்தைக் கொண்டுவந்தபோது, அதையும் நாட்டிலஸ் பக்கத்தில் வைத்துத்தான் எல்லோரும் எடை போட்டார்கள்.

வாட்சுக்கு யாரும் புது வேலை கொடுக்கவில்லை, அதனால்தான் புது முகம் வரவில்லை என்பது என் கட்சி. 1953-இன் ரோலெக்ஸ் சப்மரைனரும் பிளாங்பேன் ஃபிஃப்டி ஃபாதம்ஸும் கடலுக்குள் இறங்குபவனின் நேரக் கணக்குக்காகப் பிறந்தவை. 1963-இன் ரோலெக்ஸ் டேடோனாவின் வளையத்தில் வேக அளவு பொறித்திருப்பது கார் பந்தயத்துக்காக. முகத்தை முடிவு செய்தது வேலை. இதைச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பார்க்கும்போது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்வதற்குமுன், பழைய வாட்சை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைப் படிக்கத் தெரியாமல் புதியதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எஃகும் மெருகும்

சேலத்துக்காரர்களுக்கு எஃகைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. உருக்காலைத் தகடு நம் வீட்டுத் தட்டிலும் டம்ளரிலும் இருக்கிறது. ஆனால் தட்டுக்குப் போதுமான எஃகு வாட்சுக்குப் போதாது. நல்ல பாத்திரத்தில் வருவது 304 ரகம்: குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். இன்றைய நல்ல வாட்ச் கேஸ் 316எல். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதலாக உண்டு. வியர்வை உப்பில் இருக்கும் குளோரைடு எஃகில் குழி பறிப்பதைத் தடுப்பது இந்த மாலிப்டினம்தான். சித்திரை வெயிலில் 38, 39 டிகிரியில் நாள் முழுக்கக் கையில் கிடக்கும் வாட்சுக்கு இது பெரிய விஷயம். குழி விழும் இடம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு அல்ல. பின்மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில்தான் வியர்வை தேங்குகிறது. காற்றுப் படாத அந்த இடுக்கில் எஃகு தன் பாதுகாப்புப் படலத்தைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் அரிக்கப்படுகிறது. ஆகவே வாங்குமுன் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்; வளையத்தை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் பாருங்கள். ஊசி முனைக் குழிகள் நாலைந்து இருந்தால் பரவாயில்லை. குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்காலாக ஓடியிருந்தால் எந்தப் புது வளையம் போட்டாலும் தண்ணீர் நிற்காது. லேசர் வெல்டிங்கில் நிரப்பித் திரும்பக் கடைந்தால்தான் உண்டு. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது மெருகு. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடும் பட்டறைகள் ஏராளம். அந்தக் கைத்திறனில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பழைய வாட்ச் கேஸை ஒருபோதும் அங்கே கொடுக்காதீர்கள். பஞ்சுச் சக்கரத்தில் ஓட்டினால் முதலில் கரைவது விளிம்புதான். ராயல் ஓக்கின் அழகு முழுக்க, கோடு இழுத்த தளமும் பளபளக்கும் சாய்வும் சந்திக்கும் அந்தக் கூரான வரம்பில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் போனாலும் வாட்ச் சோப்புக்கட்டியாகிவிடும், போன எஃகு திரும்பாது. மெருகு ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். அதை மாட்டும் கேஸின் நான்கு கால்களின் தடிப்பையும் வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கை பட்டிருக்கிறது. காலில் ஊடுருவிய துளை இருந்தால் அதன் வாய் வட்டமாகவும் கூராகவும் இருக்கவேண்டும். புனல் மாதிரி அகன்றிருந்தால் சக்கரம் உள்ளே புகுந்திருக்கிறது. பழைய ரோலெக்ஸில் மாடல் எண் 12 மணிப் பக்கக் கால்களுக்கு நடுவிலும் சீரியல் எண் 6 மணிப் பக்கத்திலும் பொறித்திருக்கும். அந்த எழுத்தின் ஆழம் மங்கியிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ராயல் ஓக்கில் இன்னொரு சோதனை உண்டு. முன்வளையத்தின் எட்டுத் திருகுகளும் உண்மையில் திருகுபவை அல்ல. அவற்றின் அறுகோணத் தலைகள் அதே வடிவப் பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், பின்பக்கத்திலிருந்துதான் இறுக்குவார்கள். அதனால்தான் எட்டுப் பிளவுகளும் வட்டத்தைத் தொட்டபடி ஒழுங்காக நிற்கின்றன. பிளவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தால் அது போலி, அல்லது மாற்று உதிரி.

டயல்

விலையில் பெரும்பகுதி டயலுக்குத்தான் போகிறது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கையில் இருந்த டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது அவர் பெயரால்தான்; ஆனால் அந்த வகை டேடோனா எல்லாமே விலை உயர்ந்திருப்பதற்குக் காரணம் டயலின் அச்சும் துணை வட்டங்களின் எழுத்தும். இந்தியச் சந்தையில் பழைய டயலைச் சுரண்டி மறுபடி வண்ணம் அடித்து அச்சிடும் தொழில் பெரிது. எச்.எம்.டி. பைலட்டிலிருந்து ஃபேவர்-லூபா ஸீ கிங் வரை, ஆரஞ்சு, மயில் நீலம் என்று கண்ணைப் பறிக்கும் டயலோடு குறைந்த விலைக்கு வரும் வாட்சுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். அடையாளங்கள் இவை. லூப்பில் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 6 மணிக்குக் கீழே வரும் 'சுவிஸ் மேட்' டயலின் விளிம்பில் வெட்டுப்பட்டோ கோணலாகவோ இருக்கும். ஸ்டாப் வாட்ச் உள்ள டயலில் துணை வட்டங்களுக்குள் நெருக்கமான வளையக் கோடுகள் உண்டு. சுரண்டும்போது முதலில் அழிவது அவைதான், புதுப் பெயிண்ட் மிச்சத்தையும் மூடிவிடும். டயலைக் கழற்ற முடிந்தால் பின்பக்கம் பாருங்கள். டயலை மெஷினில் பொருத்தும் கால் இரண்டையும் நறுக்கிவிட்டுப் பசையால் ஒட்டியிருந்தால் அந்த டயல் வேறு மெஷினுக்குப் பிறந்தது.

இருட்டில் ஒளிரும் பூச்சு காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1960-களின் தொடக்கம் வரை ரேடியம், அதற்குப்பின் டிரிடியம். டயலின் அடியில் 'டி சுவிஸ் டி' என்று இருந்தால் டிரிடியம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, ஆகவே 1965-இன் பூச்சு இன்று தானாக ஒளிராது. புற ஊதா டார்ச் அடித்தால் கொஞ்சம் மினுங்கி, டார்ச்சை அணைத்த சில வினாடியில் மங்கிவிட வேண்டும். பல நிமிடம் பச்சையாக நின்று எரிந்தால் அது பிற்காலப் பூச்சு. லூமிநோவா 1993-க்கு முன் கிடையாது. முள்ளும் டயலும் வேறு வேறு விதமாக மினுங்கினால் இரண்டில் ஒன்று மாற்றப்பட்டது. ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டு. அதன் பூச்சு செத்துப்போனாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. முள் பல வருஷம் நின்ற இடத்தில் டயலில் பழுப்பு நிழல் விழுந்திருந்தால் ரேடியம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூடிய வாட்சைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் பயமில்லை. பூச்சைச் சுரண்டுவதும், உதிர்ந்த தூளை ஊதுவதும், அப்படிப்பட்ட பல வாட்சைக் காற்றோட்டமில்லாத படுக்கையறை பீரோவில் குவிப்பதும்தான் ஆபத்து.

மெஷின்

இந்த ஊரில் ஒருவர் வாங்கக்கூடிய உண்மையான பழைய ஸ்போர்ட்ஸ் வாட்ச் சுவிஸைவிடச் சீகோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1969-இல் வந்த சீகோ 6139 உலகின் முதல் ஆட்டோமேட்டிக் ஸ்டாப் வாட்ச் மெஷின்களில் ஒன்று. ஜெனித் எல் பிரிமெரோவும் ஹோயர் குழுவின் காலிபர் 11-ம் அதே ஆண்டு வந்தவை. சீகோவின் பின்மூடி எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம், அக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எந்தப் பத்தாண்டு என்பதை வேறு சான்றால் முடிவு செய்யவேண்டும். ஆரம்ப கால வாட்சில் '70 மீட்டர் புரூஃப்' என்றும், பிறகு வந்தவற்றில் 'ரெசிஸ்ட்' என்றும் இருக்கும். மூடியில் ஒன்றும் டயலில் மற்றொன்றும் இருந்தால் இரண்டு வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். 6139-6002 போன்ற மாடல்களில் பக்கவாட்டுக் குமிழான கிரவுனைத் திருப்பினால் உள் வளையம் சுழலவேண்டும். அதைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாகி நொறுங்குவது இந்த மாடலின் தீராத நோய். கிரவுனில் சாவி கொடுக்க வராது. ஆட்டித்தான் ஓடவிட வேண்டும். அரை அழுத்தத்தில் தேதியும் முழு அழுத்தத்தில் கிழமையும் மாறவேண்டும்.

ஸ்டாப் வாட்சைச் சோதிக்கும்போது ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும். நிமிட முள் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் தாவுகிறதா, பூஜ்யத்துக்குத் திருப்பினால் எல்லா முள்ளும் கோட்டின்மேல் நிற்கிறதா என்று பாருங்கள். வாட்சின் துடிப்பை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்து, துடிப்புச் சக்கரமான பேலன்ஸின் வீச்சு 270 டிகிரிக்கு அருகில் வரவேண்டும். 220-க்குக் கீழே இருந்தால் சர்வீஸ் பாக்கி. ஸ்டாப் வாட்சை ஓடவிட்டதும் 40, 50 டிகிரி சரிந்தால் பல்சக்கரப் பிடிப்பில் கோளாறு. வால்ஜூ 72, ஒமேகா 321 மெஷின்கள் மணிக்கு 18,000 துடிப்பு, 6139 21,600, எல் பிரிமெரோ 36,000. கருவியில் இதைத் தவறாகக் கொடுத்துவிட்டு வாட்சைக் குறை சொல்லக்கூடாது. திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் ஆடும். காந்தம் நீக்கும் கருவியில் சில வினாடியில் சரியாகிவிடும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "பிரிச்சுக் கழுவுவீங்களா, முக்கி எடுப்பீங்களா அண்ணா?" மெஷினை முழுதாகப் பெட்ரோலில் முக்கி, காயவைத்து, எல்லா இடத்திலும் ஒரே எண்ணெயைத் தொட்டு வைப்பது பழைய பஜார் முறை. வாட்ச் ஓடும், ஆனால் தேய்ந்துகொண்டே ஓடும். பேலன்ஸ் முனைக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெய், பளு தாங்கும் அச்சுக்கு அதைவிடக் கெட்டியானது, பேலட் கற்களுக்கு 9415 போன்ற கிரீஸ், ஆட்டோமேட்டிக்கின் மெயின் ஸ்பிரிங் டப்பாச் சுவருக்குப் பிடித்து நிறுத்தும் கிரீஸ். நான்கும் நான்கு வேலை. தையல் மிஷின் எண்ணெய் பரவி ஓடிவிடும். சேலத்துச் சூட்டில் இன்னும் சீக்கிரம்.

ஊரின் வெயில், மலையின் பனி

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் ஊருக்கும் மலைக்கும் போய்வரும்போது வாட்ச் கண்ணாடிக்குள் பனி படர்வதைப் பார்த்திருப்பார்கள். மழைக்காலத்தில் கீழே ஈரமான சூட்டில் திறந்து மூடிய வாட்ச் அந்த ஈரக் காற்றை உள்ளே சிறைவைத்திருக்கிறது. மலையில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும்போது அந்த ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் துளியாகிறது. காலையில் வெயில் பட்டு மறைந்துவிட்டதே என்று விட்டுவிடக்கூடாது. ஈரம் உள்ளேதான் இருக்கிறது, அது முதலில் பிடிப்பது முள்ளையும் கிரவுன் தண்டையும். வீட்டிலேயே சோதிக்கலாம். வாட்சை 40 முதல் 45 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம் வைத்துவிட்டு, கண்ணாடியின்மேல் அறைச் சூட்டுத் தண்ணீர் ஒரு துளி விடுங்கள். ஒரு நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் மங்கல் இருந்தால் உடனே திறந்து உலர்த்தவேண்டும். டைவர்ஸ் வாட்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்திலும் இந்த முறைதான்.

ரப்பர் வளையத்தை இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையது தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தால் குச்சியால் வழித்தெடுங்கள், எஃகு முனையால் அல்ல. புது வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சுப் போதும். பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் நிற்கட்டும். அந்துருண்டை இருக்கும் துணி பீரோவில் வாட்ச் வைக்காதீர்கள், அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். தோல் ஸ்ட்ராப்பை மழைக்காலத்தில் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஏறும் முள்

இனி விட்ட இடத்துக்கு வருகிறேன். என் கருத்தை உறுதிப்படுத்திய வாட்ச் ராயல் ஓக் அல்ல. 1962-இல் வந்த ஃபேவர்-லூபா பிவாக். 1865-லேயே இந்தியாவில் வியாபாரம் தொடங்கிய சுவிஸ் கம்பெனி அது. நம் தாத்தாக்கள் கையில் கட்டிய ஸீ கிங், ஸீ சீஃப் எல்லாம் அவர்களுடையவைதான். பிவாக்கில் நேரம் காட்டும் மெஷினோடு காற்றின் அழுத்தத்தை அளக்கும் உலோக டப்பா ஒன்றும் இருக்கிறது. உள்ளே காற்று நீக்கி மூடிய மெல்லிய டப்பா. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, டப்பா பூரி மாதிரி உப்புகிறது, அந்த மிகச் சிறிய அசைவை நெம்புகோலும் பல்சக்கரமும் பெருக்கி ஒரு முள்ளை நகர்த்துகின்றன. சுற்றியுள்ள வளையத்தில் 3,000 மீட்டர் வரை உயர அளவு. தெரிந்த உயரத்தில் நின்று வளையத்தைத் திருப்பிச் சரிசெய்துவிட்டால், அங்கிருந்து முள் காட்டுவது உயரம். பேட்டரி கிடையாது.

இந்த வாட்சைச் சோதிக்கச் சேலத்தைவிட நல்ல இடம் இருக்கமுடியுமா என்று தெரியவில்லை. சேலம் 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் 1,237 மீட்டர் ஏற்றம், அழுத்தத்தில் ஏறக்குறைய 130 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். வழியில் எண் போட்ட 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் ஜங்ஷனின் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அங்கே வளையத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு வளைவிலும் முள் காட்டுவதைக் குறித்துக்கொண்டே ஏறுங்கள். கார் கண்ணாடியை ஏற்றி வைத்தாலும் உள்ளே அழுத்தம் சமமாகிவிடும், கவலை வேண்டாம். மேலே அரை மணி நேரம் நின்று, அதே வளைவுகளில் குறித்துக்கொண்டே இறங்குங்கள். ஒரே வளைவில் ஏறும்போதும் இறங்கும்போதும் 40 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் உலோகம் களைத்திருக்கிறது. முள் தாவித் தாவி நகர்ந்தால் நெம்புகோல் அச்சில் அழுக்கு. மெதுவாகப் பின்தங்கி வந்து சேர்ந்தால் காற்று வந்துபோகும் வழி அடைத்திருக்கிறது. கொஞ்சமும் அசையாவிட்டால் டப்பா ஓட்டை. அதற்கு உதிரி கிடைக்காது, அந்த வாட்சை வாங்கவே வேண்டாம். மலைக்குப் போகாமல் பார்க்கவேண்டுமென்றால், கெட்டியான ஜிப் பையில் காற்றோடு வாட்சைப் போட்டு மூடி லேசாக அழுத்துங்கள். முள் கீழே இறங்கி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வரவேண்டும்.

இதில்தான் எனக்குப் பொறி தட்டியது. எல்லாம் சரியாக இருக்கும் பிவாக்கைக் கோடையில் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் அது 1,515 காட்டாது. கிட்டத்தட்ட 1,425-தான் காட்டும். ரிப்பேர் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட கருவிகளை அளவு குறிக்கும்போது பொதுவாகத் திட்ட வளிமண்டலம் என்ற கணக்கை எடுத்துக்கொள்வார்கள்: கடல்மட்டத்தில் 15 டிகிரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைவு. அந்தக் கணக்கில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே காற்றின் சராசரி வெப்பம் 9 டிகிரி. நம் கோடையில் அது 30 டிகிரி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதே உயரம் ஏறினாலும் அழுத்தம் குறைவாகவே மாறும். 10 டிகிரிக்குச் சுமார் 3.5 சதவீதம் என்று கணக்கு வைத்தால், 21 டிகிரிக்கு 7 சதவீதத்துக்குமேல். 1,237 மீட்டரில் அது 90 மீட்டர். மார்கழியில் இந்தப் பிழை 65 மீட்டர் அளவுக்கு இறங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் கடல் ஓதம்போல் ஏறி இறங்குகிறது: காலை 10 மணிவாக்கில் உச்சம், மாலை 4 மணிவாக்கில் பள்ளம், நடுவே 3, 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். ஆல்ப்ஸில் இந்த ஓதம் சிறியது, வானிலை மாற்றம் அதை மூழ்கடித்துவிடும். இங்கே ஒழுங்காகத் தெரியும். காலை 10 மணிக்குச் சேலத்தில் சரிசெய்துவிட்டு மலை ஏறி 4 மணிக்குத் திரும்பினால், பழுதில்லாத வாட்சே 25 மீட்டருக்குமேல் உயர்த்திக் காட்டும். ஆகவே சோதனையை ஒரே காலைக்குள் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குற்றமற்ற டப்பாவைக் குற்றம் சொல்வீர்கள்.

ஆக, பிவாக் ஆல்ப்ஸின் காற்றுக்காகச் செய்த கருவி. அதன் முகம் அந்த மலையின் முகம். 2011-இல் டைட்டன் இந்தக் கம்பெனியை வாங்கி, 2017-இல் பிவாக் 9000 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 48 மில்லிமீட்டர் டைட்டானியம் கேஸ், 9,000 மீட்டர் வரை அளவு. பெரிய வாட்ச், எல்லோருக்கும் பிடிக்காது, நம் மெல்லிய மணிக்கட்டில் உட்காரவும் செய்யாது. ஆனாலும் அண்மைக் காலத்தில் நான் மனசார மதிக்கும் சில டிசைன்களில் அது ஒன்று. 1962-இன் டயலை நகலெடுத்துப் பழுப்புச் சாயம் பூசியிருந்தால் சுலபமாக விற்றிருக்கும். அவர்கள் எடுத்துக்கொண்டது பழைய வேலையை, அதை மூன்று மடங்கு உயரத்துக்கு நீட்டினார்கள். முகம் தானாக மாறியது.

வரவேண்டியது

அப்படியானால் நம் மலைகளுக்கான வாட்ச் எப்படி இருக்கும்? ஏற்காடு இருக்கும் சேர்வராயனும் கொல்லிமலையும் 1,650 மீட்டருக்குள், தொட்டபெட்டா 2,637. ஆகவே 0 முதல் 2,500 மீட்டர் ஏற்றம் வரை அளவு போதும். அளவு குறையும்போது கோடுகளுக்கு நடுவே இடம் கிடைக்கிறது, 20 மீட்டரைக்கூடக் கண்ணால் படிக்கலாம். சுழலும் வளையத்தில் ஒன்றுக்குப் பதில் மூன்று அளவுக் கோடுகள், காற்றின் சராசரி வெப்பம் 10, 20, 30 டிகிரிக்கு ஒன்றாக, மூன்று நிறத்தில். அடிவாரத்தில் பூஜ்யத்தை முள்ளுக்கு நேராக வைத்துவிட்டு, அன்றைய சூட்டுக்கு ஏற்ற நிறத்தில் படித்தால் ஏற்றம் சரியாக வரும். வெப்பத்தால் வரும் பிழை ஏறிய உயரத்தின் சதவீதமாக வருவதால், பூஜ்யம் அடிவாரத்தில் இருக்கும்வரை இந்தத் தந்திரம் வேலை செய்யும். கூடுதல் பல்சக்கரம் ஒன்றும் வேண்டாம், அச்சு மட்டும் போதும். மூன்று நிறக் கோடுகள் விரிந்து விரிந்து போகும் அந்த வளையம் இதுவரை எந்த வாட்சிலும் நான் பார்க்காத முகம். அது அழகுக்காக வரைந்ததாக இருக்காது, ஆனால் அழகாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அழுத்த அளவில் தினசரி ஓதத்துக்கு நான்கு ஹெக்டோபாஸ்கல் அகலத்தில் ஒரு வெளிர் பட்டை. ஒரே இடத்தில் இருக்கும்போது முள் அந்தப் பட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தால் சாதாரண நாள். பட்டையைத் தாண்டிக் கீழே போய் அங்கேயே நின்றால் வங்கக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காப்பிப் பழம் பறித்துக் களத்தில் காயப்போடும் எஸ்டேட்டுக்காரருக்கு இது பொழுதுபோக்கு இல்லை.

கேஸ் 316எல், விட்டம் 39-க்குள், காலுக்குக் கால் 46. முழுதும் கோடு இழுத்த மேற்பரப்பாக இருக்கட்டும், பளபளப்பு வேண்டாம். மலைப்பாதை வெயிலில் கண் கூசாது, மெருகு போடும் ஆசையும் யாருக்கும் வராது. கால்களில் ஊடுருவிய துளை இருந்தால் மழை தொடங்கும் அன்றே தோலைக் கழற்றிவிட்டு ரப்பர் ஸ்ட்ராப் மாட்டலாம். காற்று நுழையும் வாயில் நீரைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் படலம் ஒன்றைத் திருகிக் கழற்றும் மூடிக்குள் வைக்கவேண்டும், வியர்வை உப்பு அடைத்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள. வளையங்கள் சந்தையில் கிடைக்கும் பொது அளவில் இருக்கட்டும். பின்மூடியின் உள்பக்கத்தில் ஒவ்வொன்றின் விட்டத்தையும் தடிப்பையும் பொறித்துவிட்டால், சேலத்தில் எந்த ரிப்பேர்க் கடையிலும் கேஸைத் திறந்த உடனே சரியான வளையத்தை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.